மூச்சு வாங்கும் நாற்காலிகள்

2016 மார்ச் 9, புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் ‘சி’ கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஐந்தாம் மாடிக்கு அனுப்பிவைத்த ஒரு பால் பாக்கெட் மட்டும் இருந்தது.

மானுடவியல் என்னும் மாபெரும் அறிவுத்துறை இரண்டு கண்டங்களில் ஒரே நேரத்தில் புரண்டு படுத்ததற்கு அந்த நிமிடமே காரணம். உலகம் இதை இன்னும் உணரவில்லை. உணர்த்துவது என் கடமை. நான் அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர், அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவன், குடியிருப்பது தரைத்தளம். லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எனக்குப் பத்துப் பைசா லாபமில்லை என்பதால், என் சொல்லை நடுநிலையானது என்று நீங்கள் தாராளமாக நம்பலாம்.

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். பால் பாக்கெட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். பிறகு மேலே ஏறிப் பார்த்தார்.

“மோட்டார் போயிடுச்சு சார்.”

“போயிடுச்சுன்னா?”

“போயிடுச்சுன்னா போயிடுச்சுதான். எங்க போச்சுன்னா கேப்பாங்க? புதுசு மாத்தணும். ஆபீசுக்கு எழுதிப் போடுங்க.”

குடியிருப்பு அலுவலகத்துக்கு எழுதினோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. பரிசீலனை என்பது ஒரு வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஓர் ஊர். அங்கே போன கடிதங்கள் அங்கேயே பெண்ணெடுத்து, வீடு கட்டி, குடியேறிவிடுகின்றன.

மாடிக்குப் பதினெட்டுப் படி. ஐந்து மாடிக்குத் தொண்ணூறு. கடிதம் திரும்பாத நிலையில், யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலேயே, மாடி திரும்பும் இடங்களில் நாற்காலிகள் முளைத்தன. முதல் மாடியில் ஒரு கால் கம்பியால் கட்டப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டாம் மாடியில், எழுதும் பலகை வைத்த பரீட்சை நாற்காலி. மூன்றாம் மாடியில், மூடிப்போன முடிதிருத்தும் கடையிலிருந்து வந்த சுழல் நாற்காலி. நான்காம் மாடியில் சாப்பாட்டு மேசை நாற்காலி. அதில் பூப்போட்ட மெத்தை. மெத்தையைத் தைத்துப் போட்டவர் ஐந்தாம் மாடித் தையற்கார அக்கா.

அக்காவின் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கட்டடத்துக்கே அவர் அத்தான். ஊரையே ஏற்றி இறக்கியவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தார். இறங்க அரை மணி நேரம் ஆகும். ஏற ஒன்றேகால் மணி. மூன்றாம் மாடிச் சுழல் நாற்காலிக்கு வந்ததும் அத்தான் உட்கார்ந்து, அரைவட்டம் சுற்றி, “டிக்கெட் எல்லாம் குடுத்தாச்சா?” என்பார். அக்கா, “கண்டக்டர் செத்துட்டான். நீ மூச்ச விடு முதல்ல” என்பார்.

ஆறு வருடம் இப்படி, வரலாற்றில் இடம்பெறாமலேயே, ஏறி இறங்கினார்கள். பிறகு அறிவு வந்தது.

கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் தமிழ் கற்றவர். அவர் தமிழில் ஒரு பிழைகூட இல்லை. அதனால் யாருக்கும் புரியவில்லை. எந்நேரமும் கையில் அகராதி இருந்ததால் கட்டடத்துப் பெண்கள் அவருக்கு அகராதியம்மா என்று பெயர் வைத்தார்கள். அது வசவா பாராட்டா என்று அவர் அகராதியில் தேடினார். ‘சொற்பொருள் நூல்’ என்று இருந்தது. மகிழ்ந்தார்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், நான் அவருக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் அத்தான் சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அக்கா மருந்துப் பையோடு கீழ்ப்படியில் இருந்தார்.

“இவ்விருக்கை எதன்பொருட்டு இங்கு நிறுவப்பட்டுள்ளது?” என்றார் அகராதியம்மா.

அக்கா என்னைப் பார்த்தார். “என்ன தம்பி கேக்குறாங்க?”

“நாற்காலி எதுக்குன்னு கேக்குறாங்கக்கா.”

“எதுக்கு? மூச்சு வாங்கத்தான்.”

அகராதியம்மாவின் பேனா நின்றது. “மூச்சு... வாங்க” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அகராதியைப் பிரித்தார். வாங்கு: விலை கொடுத்துப் பெறு.

“மூச்சினை யாரிடமிருந்து வாங்குகிறீர்கள்?”

அக்கா தொண்ணூறில் ஐம்பத்து நான்கு படி ஏறியிருந்தார். “ம்ம். கடைக்காரன்கிட்டதான். அரைக் கிலோ.”

‘வணிகர். அரைக் கிலோ’ என்று குறிப்பேட்டில் ஏறியது.

“விலை?”

“இந்தா இருக்காரே, இவரைக் கேளுங்க. உசுரக் குடுத்து வாங்கிட்டிருக்காரு.”

அகராதியம்மா குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினார். “உயிர்!” என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். “இங்கே உயிரே நாணயம்.”

அத்தான் கண்ணைத் திறக்காமல், “சில்லறையா இருந்தா நல்லது” என்றார்.

அதே அகராதியில், அடுத்த பக்கத்தில், ‘மூச்சு வாங்குதல்: இரைத்தல்’ என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. சொல்ல வாயெடுத்தபோது அவர், “நன்றியுரையில் தங்கள் பெயரை எவ்வாறு எழுத வேண்டும்?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் பெயரை அச்சில் திருத்தி வருகிறேன். என் பெயரை அச்சில் பார்த்ததில்லை. எடுத்த வாயை மூடிக்கொண்டு, எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

“அம்மா,” என்றார் அக்கா, “நீங்க எழுதுறதா இருந்தா லிஃப்ட்டு ரிப்பேர்னு எழுதுங்க. ஆறு வருஷமாச்சு. இவரால முடியல.”

“தொழில்நுட்பம் எனது துறை அன்று” என்றார் அகராதியம்மா, பணிவாக. துறையின் எல்லையை இப்படி மதிப்பவர்களை நம் காலத்தில் பார்ப்பது அரிது.

கட்டுரை வெளிவந்தது. ‘மூச்சுச் சந்தை: ஒரு செங்குத்துச் சமூகத்தில் உயிர்ப் பண்டமாற்று.’ செங்குத்துச் சமூகம் என்றால் நாங்கள். முதல் மாடியில் மூச்சு மலிவு, ஐந்தாம் மாடியில் விலை அதிகம் என்று வரைபடம்கூட இருந்தது. பதினான்காம் அடிக்குறிப்பில் என் பெயர் இருந்தது. ஓர் எழுத்து தப்பு.

கட்டுரை எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தை எட்டியது. அங்கே மானுடவியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். எதைச் சொன்னாலும் ‘அப்படிச் சொல்ல முடியாது’ என்று தொடங்குவதால் மாணவர்கள் அவரை முடியாதார் என்பார்கள். அவர் கொதித்தெழுந்தார். நம்மைப் பற்றி அவர்கள் தப்பாக எழுதுவதா? நம்மைப் பற்றித் தப்பாக எழுத நமக்கே உரிமை!

தாய்மொழி தமிழ்தான் அவருக்கு. படியேறினால் அவருக்கும் மூச்சு வாங்கும். அவர் நினைத்திருந்தால் அரை வரியில் அந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அறிவு ஆகாது என்பது எந்தத் துறைக்கும் முதல் விதி. எனவே அவர் கள ஆய்வுக்கு வந்தார்.

திங்கட்கிழமை. மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தபோது துருத்தி போல் இரைத்தது அவருக்கு. அத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முயன்றார்.

“நீ உக்காரு யா” என்று அத்தானை அழுத்திவிட்டு, “சார், இந்தப் படியில உக்காருங்க. எப்படி மூச்சு வாங்குது பாருங்க” என்றார் அக்கா.

“என்ன சொன்னீங்க?” முடியாதாரின் கண் விரிந்தது. “திரும்பச் சொல்லுங்க.”

“மூச்சு வாங்குதேன்னு சொன்னேன்.”

“இல்ல. ‘மூச்சு, வாங்க!’ நடுவுல ஒரு காற்புள்ளி இருக்கு. கடையில வாங்குற வாங்க இல்ல இது. வரவேற்கிற வாங்க! மூச்சை விருந்தாளியா நினைச்சு, மரியாதையா, நாற்காலி போட்டு அழைக்கிறீங்க. சரிதானே?”

“நான் எம் புருஷனையே வாங்கன்னு கூப்பிட்டதில்ல. மூச்சையா கூப்பிடப் போறேன்?”

“அப்படிச் சொல்ல முடியாது” என்றார் முடியாதார்.

அத்தான் நாற்காலியை மெதுவாக அவர் பக்கம் திருப்பினார். “சார், உங்க வாய் முகூர்த்தம் நல்லாருக்கு. அந்த லிஃப்ட்டையும் ஒருதடவை வாங்கன்னு கூப்பிட்டுப் பாருங்களேன்.”

ஒரு காற்புள்ளியிலிருந்து ஒரு கோட்பாடு பிறப்பதை நான் கண்ணால் பார்த்தேன். என் தொழிலில் எத்தனையோ காற்புள்ளிகளைப் போட்டிருக்கிறேன், எடுத்திருக்கிறேன். எதற்கும் வெளிநாட்டிலிருந்து மறுப்பு வந்ததில்லை. இதற்கு வந்தது. மறுப்புக்கு மறுப்பு போனது. வாங்கல் பள்ளி, வரவேற்புப் பள்ளி என்று துறை இரண்டாகப் பிளந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் வரவேற்புப் பள்ளி மாணவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் வாங்கல் பள்ளி மாணவர்களுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. மூன்றாவது கண்டத்திலிருந்து ஓர் அறிஞர், சில ஊர்களில் ‘வாங்கு’ என்றால் உட்காரும் பலகை, ஆகவே இது மூச்சுக்கான பலகை என்று எழுதினார். அவர் சொன்னதில் உட்காருவதற்குக் கொஞ்சம் சம்பந்தம் இருந்ததால், இரண்டு பள்ளிகளும் சேர்ந்து அவரை ஒதுக்கிவைத்தன.

இந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் படிக்கட்டில் பதினேழு ஆய்வாளர்கள் ஏறினார்கள். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையே ஒரு விபத்து நடந்தது. 2024 மே மாதம், நாங்கள் நாற்பத்தொன்றாவது கடிதம் எழுதிய பிறகு, பரிசீலனையிலிருந்து ஒரு கடிதம் தப்பித் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஒரு வேன் வந்தது. அதில் அதே மெக்கானிக். மீசை நரைத்திருந்தது. பக்கத்தில் புது மோட்டார்.

“அக்கா!” என்று கீழேயிருந்து கத்தினார். “சனிக்கிழமை ஓடும்!”

அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “எந்த வருஷத்துச் சனிக்கிழமை?”

“இந்த வாரந்தான்க்கா. என் மேல சத்தியம்.”

அன்று சாயங்காலம் நான் மேலே போனபோது, அக்கா தையல் இயந்திரத்தில் அத்தானின் பழைய காக்கிச் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். உடம்பு வற்றிவிட்டதால் சட்டை தொளதொளத்தது. லிஃப்ட்டில் முதல் தடவை யூனிஃபார்ம் போட்டுத்தான் இறங்குவேன் என்று அத்தான் பிடிவாதம்.

“பட்டன நானே அமுக்குவேன். வேற யாரும் தொடக்கூடாது” என்றார்.

“தொடல யா. நீயே அமுக்கு. ஹார்ன் மட்டும் அடிக்காத.”

அதே வாரம் வெள்ளிக்கிழமை, எங்கள் கட்டடத்தின் தரைத்தளக் கூடத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. அகராதியம்மாவும் முடியாதாரும் முதன்முறையாக நேருக்கு நேர் சந்தித்தார்கள். காலை முழுதும் ஒருவர் தலையை ஒருவர் மிகுந்த மரியாதையோடு உருட்டினார்கள். மதியம் கேள்வி நேரம். அத்தானைத் தூங்க வைத்துவிட்டுத் தொண்ணூறு படி இறங்கி வந்திருந்த அக்கா எழுந்தார்.

“லிஃப்ட்டு நாளைக்கு ஓடும்ல?”

தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “மிக முக்கியமான தலையீடு. ‘லிஃப்ட்’ என்பதை எந்தப் பொருளில் பயன்படுத்துகிறீர்கள்?”

“மேலயும் கீழயும் போற பொருள்லதான்.”

பதினைந்து பேனாக்கள் எழுதின.

அப்போதுதான் முடியாதாருக்கு உறைத்தது. லிஃப்ட் ஓடினால் யாரும் படியேற மாட்டார்கள். படியேறாவிட்டால் மூச்சு வாங்காது. மூச்சு வாங்காவிட்டால் நாற்காலி எதற்கு? நாற்காலி போனால் வரவேற்புப் பள்ளி எங்கே? அகராதியம்மாவும் வெளிறியிருந்தார். சந்தை போனால் வாங்கல் பள்ளி எங்கே? காலையிலிருந்து ஒரு காற்புள்ளியில்கூட ஒத்துப்போகாத இரண்டு அறிவுலகங்கள், தேநீர் இடைவேளையில் கைகோத்தன. பண்பாடுகளுக்கிடையேயான உரையாடல் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கியது.

கூட்டறிக்கை தயாரானது. ‘தனித்துவம் வாய்ந்த மூச்சு மரபு, திடீர் இயந்திரமயத்தால் அழியும் அபாயத்தில் உள்ளது.’ இருவரும் கையெழுத்திட்டார்கள். அடியில் ஓர் இடம் காலியாக இருந்தது: ‘சமூகத்தின் முன்னறிந்த ஒப்புதல்.’ சமூகம் யார் என்று தேடினார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் சமூகம் நான்தான் என்று தெரியவந்தது.

“இணை ஆய்வாளர் என்று தங்கள் பெயரை இடுவோம்” என்றார் அகராதியம்மா. “இம்முறை எழுத்துப் பிழை நேராது.”

கையெழுத்திட்டேன்.

குடியிருப்பு அலுவலகம் இரண்டு நாட்டு அறிஞர்களின் கையெழுத்தை ஒரே தாளில் பார்த்ததில்லை. எட்டு வருடம் நடக்காத வேலை ஒரே ராத்திரியில் நின்றது. சனிக்கிழமை காலை அதிகாரி ஒருவர் வந்தார். ‘மின்தூக்கிப் பணி மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. நாற்காலிகள் நான்கும் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு இருக்கைகளாக அறிவிக்கப்படுகின்றன.’ அவரோடு வந்தவர்கள் ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் சிவப்புக் கயிறு கட்டினார்கள். பித்தளைத் தகடு மாட்டினார்கள்: ‘அமர வேண்டாம்.’

அத்தான் காக்கிச் சட்டையோடு ஐந்தாம் மாடி வாசலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் மோட்டாரைத் திரும்ப வேனில் ஏற்றினார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தியம் செய்தவர் அல்லவா.

அக்கா அதிகாரியைப் படியில் மறித்தார். “லிஃப்ட்டும் இல்ல, சரி. நாற்காலியில உக்காரக்கூடாதுன்னா இவரு எங்கங்க உக்காருவாரு?”

“நாற்காலி மட்டும் வேண்டாம்மா. மத்தபடி உங்க கட்டடம், உங்க சுதந்திரம்.”

“இவரு உக்காரத்தானே போட்டோம் அத?”

“அதாம்மா. உங்களைப் பாராட்டித்தான் கயிறே கட்டியிருக்கோம்.”

அக்கா இறங்கி வந்து என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“தம்பி, நீ என்னத்துல கையெழுத்துப் போட்ட?”

“நம்ம கட்டடத்துக்கே பெருமைக்கா அது.”

“பெருமை எத்தனாவது மாடியில இருக்கு?”

அந்தக் கேள்வியைப் பிற்பாடு நான், இரண்டு பள்ளிகளும் சேர்ந்து தொடங்கிய மூச்சு ஆய்வு மையத்துக்கு எழுதி அனுப்பினேன். ‘செங்குத்துச் சமூகத்தில் பெருமையின் இருப்பிடம்’ என்ற தலைப்பில் ஒரு மாணவர் அதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு நன்றி தெரிவிக்கப்படும்.

அதன்பிறகு அத்தான் படியில் உட்கார்ந்தார். சிமெண்டுப் படி தாழ்வானது. உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அக்காவுக்கு இருப்பது இரண்டு கைதான். ஒருநாள் அக்கா துணி வெட்டும் கத்தரியோடு வந்து மூன்றாம் மாடிக் கயிற்றை வெட்டி, அத்தானை நாற்காலியில் உட்கார வைத்தார். அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது பரிசீலனைக்குப் போகாமல் நேராக, மறுநாளே வந்தது. சங்கத்தின் சார்பில் நான்தான் ஐந்தாம் மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு நன்றாக மூச்சு வாங்கியது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் திங்கட்கிழமை நின்றது. வியாழன் மட்டும் போனார்கள். ஆகஸ்டில் அத்தான், “படி வேண்டாம். விட்டுடு” என்றார். அக்கா திட்டினார், கெஞ்சினார், அழுதார். கடைசியில் முதன்முறையாக, “வாங்க, போகலாம், எந்திரிங்க” என்றார். அத்தான் சிரித்தாராம். எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை அத்தான் இறந்தார். கீழே இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. மாடி திரும்பும் இடங்களில் கயிற்றில் படாமல் உடலைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்ததால் நாற்பது நிமிடம் ஆனது. அந்தச் சமயம் அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். வாங்கல் பள்ளி இதைக் கடைசித் தவணை என்று எழுதியது. வரவேற்புப் பள்ளி, மூச்சு விருந்து முடிந்து விடைபெற்றது என்று எழுதியது. இரண்டு சிறப்பிதழ்களும் நல்ல தாளில் அச்சாகியிருந்தன.

அக்கா தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தரைத்தளம் என்று கேள்வி.

ஐந்தாம் மாடி வீட்டை ஆய்வு மையம் விருந்தினர் அறையாக எடுத்துக்கொண்டது. முதல் விருந்தினராக வந்த அறிஞர் பெட்டியோடு தொண்ணூறு படி ஏறினார். கட்டிலில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் மூச்சு வாங்கியது. பிறகு குடியிருப்பு அலுவலகத்துக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதினார்.

பதினோராம் நாள் லிஃப்ட் ஓடியது.